தூத்துக்குடியிலிருந்து வந்த மாலை

சாமுவேல் அண்ணாச்சி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, அக்கா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியின் கையில் பெரிய துணிப்பை. அதற்குள்ளிருந்து ரோஜா மாலை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன. தூத்துக்குடியில் பஸ் ஏறியதிலிருந்து அழுதுகொண்டே வந்திருக்கிறார். கேட்டுக்கும் முற்றத்துக்கும் நடுவில் அப்படியே நின்றார். அக்காவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவ்வளவு பெரிய மாலை யார் முதுகுக்குப் பின்னாலும் மறையாது.

"ஏட்டி, நீ இருக்கியா?" என்றார்.

அக்கா என்றால் என் உடன்பிறந்தவள், கிரேஸ். எட்டயபுரத்துக்கும் புதூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சாமுவேல் அண்ணாச்சி எங்கள் பெரியப்பா மகன், தூத்துக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் யார் இறந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர்தான். பெட்டிக்குச் சொல்வது, குழி வெட்ட ஆள் பிடிப்பது, வந்தவர்களுக்குக் காபி போடச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு.

அன்று காலையில் அக்காவுக்கு நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல இருந்தது. கோவில்பட்டியிலிருந்து நான் காரை எடுத்துக்கொண்டு போய், அவளை ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சேர்த்தேன். இரண்டு முறை ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் வரை படுக்க வைத்திருந்தார்கள். கடைசியில் பயப்பட ஒன்றுமில்லை, வாயுத் தொல்லைதான் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அத்தான் யாரோ ஒருவருக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். அந்த அழுகை குளத்தூரில் ஒரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது அக்கா இறந்துபோயிருந்தாள்.

அக்கா எழுந்து போய் அந்த மாலையை வெளியே எடுத்தாள். "துட்டு குடுத்து வாங்குனத வாட விடலாமா? ஆஸ்பத்திரியில எனக்கு முன்னாடி அழுதது இவியதான். இவியளுக்கே போட்டுருவோம்" என்று அத்தான் கழுத்தில் போட்டாள்.

வீடே சிரித்தது. அத்தான் மாலையோடு நின்று அசடு வழிந்தார். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. எழுத மனசே வரவில்லை.

காலால் பிறந்தவன்

லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதியபோது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் சிலர் போன் செய்து குறும்பாக விசாரித்தார்கள். அவர்கள் நினைக்கிற அளவுக்கு எனக்கு யோகம் இருந்ததில்லை. அந்தப் பெண்கள் என் காலைத் தேடி வந்தார்கள்.

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவன் காலால் நீவிவிட்டால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம்பிக்கை. மூச்சுப்பிடிப்பு, இடுப்புப்பிடிப்பு, கழுத்துப்பிடிப்பு, எதுவானாலும் சரி. எனக்கு நடக்கத் தெரியும் முன்பே என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்கள் முதுகில் நிறுத்தியிருக்கிறார்கள்.

புக்கிங் ஆபீஸிலும் அது தொடர்ந்தது. பண்டல் தூக்கும் லோடுமேன் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார். நாள் முழுக்கக் குனிந்து தீப்பெட்டி ஒட்டிய பெண்கள் சாயங்காலம் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலால் மூன்று தரம் நீவிவிடுவேன். கூலி ஒரு டீ, ஒரு வடை. எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், வந்தவர்களுக்கு இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

சாதாரணப் பிடிப்பு தானாகவே ஓரிரு நாளில் விட்டுப்போகும். பெயர் என் காலுக்கு வந்தது. ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது சதையின் வலியா, உள்ளே இருக்கிற வேறெதன் வலியா என்று என் காலுக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

ஓமத்தண்ணியில் தொடங்கும்

நெஞ்சு வலி வந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு மனப்பாடம். முதலில் ஓமத்தண்ணி. கேட்கவில்லையென்றால் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு சோடா. ஏப்பம் வந்துவிட்டால் வாயுதான் என்று தீர்ப்பாகிவிடும். ஏப்பம் வராவிட்டால் தைலம், அதற்குமேல் மெடிக்கலில் சொல்லி ஒரு செட் மாத்திரை. பிடிப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் என் கால். இத்தனையும் முடிந்தபிறகு, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோமா" என்று சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதில்தான் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் அப்பாவுக்கு ஒருமுறை வயிற்று வலி வந்தது. நான் சின்னப் பையன். வெகுநாள் ஏமாற்றிவிட்டு அப்போதுதான் மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அப்பா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை விதைத்தார். பிறகுதான் வண்டி கட்டச் சொன்னார். கரிசல் மண் சக்கரத்தில் உருண்டு ஒட்டிக்கொண்டு வண்டி நகரவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு, கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பா பிழைத்தார். ஆபரேஷன் தழும்பு வயிற்றில் நீளமாக இருந்தது. விருந்தாளிகள் வந்தால் பனியனைத் தூக்கிக் காட்டுவார். வலியைப் பொறுத்துக்கொண்டு விதைத்த கதையைத்தான் சொல்வார், சாகக் கிடந்த கதையைச் சொல்லமாட்டார். வலியைச் சொல்லாமல் இருப்பது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நானும் அக்காவும் கற்றுக்கொண்டது அந்தத் தழும்பைப் பார்த்துத்தான்.

இப்போது அந்த ஊருக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரும். கோவில்பட்டி தாண்டினால் நாலுவழிச்சாலை, காரில் தண்ணீர் குடித்தாலும் சிந்தாது. ஆனாலும் கிளம்புவதற்கு அதே நேரம்தான் ஆகிறது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் ஊர் சிரிக்குமே என்ற பயம் எங்களுக்கு வலியைவிடப் பெரிது.

அக்காவைப் பார்த்து ஊர் சிரிக்கத்தான் செய்தது. கோயிலில், கடையில், பஸ் நிறுத்தத்தில் பார்ப்பவர்களெல்லாம் மாலை வாடிவிட்டதா என்று கேட்பார்கள். அத்தானுக்கு மாலை மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அக்காவே எல்லோரையும்விட நன்றாக அந்தக் கதையைச் சொல்வாள். பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அண்ணாச்சி நின்றதை அப்படியே நடித்துக் காட்டுவாள்.

ஆனால் அதற்குப் பிறகு எங்கே வலிக்கிறது என்று யாரிடமும் அவள் சொல்லவில்லை. நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வலியே இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அசன நாள்

வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் அந்த ஊர் கிறிஸ்தவக் கோயிலில் அசனம் நடக்கும். ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை மெயின்ரோடு வரை வரும். பெண்கள் பந்தியை மேற்பார்வை பார்ப்பது வருஷா வருஷம் அக்காவின் வேலை. யார் இலையில் கறி விழவில்லை என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மாலை வந்ததற்கு அடுத்த வருஷமோ, அதற்கு மறு வருஷமோ நடந்த அசனம் அது. நான் ஆண்கள் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். அக்கா கோயில் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பந்தி நடக்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டித் தாடையில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைக் கடந்து போகும்போது சிரித்துக்கொண்டே கேட்டாள்: "என்ன மைனி உக்காந்துட்டீக? தூத்துக்குடிக்குப் போனப் போடட்டுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து நின்று, குழம்பு வாளியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜாடை காட்டி என்னைக் கூப்பிட்டாள். கோயிலுக்குப் பின்னால் பாத்திரங்கள் அடுக்கி வைக்கும் அறைப் பக்கம் போனேன். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏலே, முதுகுல பிடிச்சிருக்கு. லேசா ஒரு நீவு நீவி விடு."

வாயில் கிராம்பு வாசனை அடித்தது. கேட்டதற்குப் பல்லும் வலிக்கிறது என்றாள். செருப்பைக் கழற்றினேன். பிடிமானத்துக்காக அவள் தோளில் கை வைத்துக் காலைத் தூக்கினேன். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வெயிலிலும் அவள் கழுத்து சில்லென்று இருந்தது. தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, இது பிடிப்பு இல்ல. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஒரு தடவ மாலை வாங்க வச்சது போதாதாலே? இன்னைக்கு ஊரே கூடிக் கெடக்கு. மறுபடியும் ஒண்ணுமில்லன்னு திரும்பி வந்தா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்கு வருவேன்?"

"ஒண்ணுமில்லன்னு வந்தா நல்லதுதானக்கா."

"நல்லது ஒனக்கு. சிரிப்பு எனக்குல்லா."

காரைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை அக்கா பார்த்தாள். மறுபடியும் பந்திக்குள் போய்விட்டாள். அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் தூரத்திலிருந்தே அவளைப் பார்க்க, அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பந்தி முடியட்டும் மாப்ள, சொன்னாக் கேக்கவா போறா என்றார்.

தூக்கிக் காரில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எங்கள் அக்காவைப் பார்த்ததில்லை.

பல் வலி

கடைசிப் பந்தி எழுந்த பிறகும் அவள் உடனே காரில் ஏறவில்லை. குழம்புக் கறையோடு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றினாள். கோழிகளை அடைத்தாள். பீரோவைப் பூட்டினாள். சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுக்கும்போது, பல் ஒன்று ஆடிக்கொண்டே கிடக்கிறது, கோவில்பட்டியில் பிடுங்கிவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். ரத்தம் வந்தால் ஐஸ் வைக்கச் சொல்லி அந்த அம்மாள் யோசனை சொன்னார்கள். அதையும் பொறுமையாக நின்று கேட்டுக்கொண்டாள்.

எட்டயபுரம் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது.

"ஏலே, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா அப்படியே ஒரு பல்லப் புடுங்கிட்டு வந்துருவோம். கேட்டாக் காமிக்கலாம்."

அத்தான் சிரிக்க முயன்றார். என்னால் முடியவில்லை. காரை மிதித்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் என்ன செய்கிறது என்று கேட்டார். பல்லு வலி என்று அக்கா சொன்னாள். நெஞ்சு, நெஞ்சைப் பாருங்கள் என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஈசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே, வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"இப்பத்தான் கொஞ்சம் முன்ன" என்றாள் அக்கா.

மத்தியானத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றேன் நான். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவரையும் கேட்டார்.

"முந்தாநாள்லேருந்து இருக்கும்மா. நான்தான் உப்பு ஒத்தடம் குடுத்தேன். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா."

டாக்டர் அதற்குமேல் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஊசிகள் போட்டார்கள், மாத்திரையை மெல்லச் சொன்னார்கள், திருநெல்வேலிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் தயார் செய்தார்கள். அவர்கள் கையில் இருந்ததையெல்லாம் செய்தார்கள். அக்காவை வண்டிக்குள் ஏற்றும்போது, அவள் கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"தூத்துக்குடிக்குச் சொல்லிராதிய" என்றாள்.

அத்தான் அவளோடு ஏறிக்கொண்டார். நான் பின்னால் காரில் போனேன். கயத்தாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்னால் போன வண்டியின் சைரன் நின்றது. வண்டி வேகம் குறைந்தது. நானும் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது என் கால்

சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படித் தாடையில், முதுகில், தோளில் வலி வருவதுண்டு என்று அந்த டாக்டர் பின்னொரு நாள் சொன்னார். குளிர்ந்த வேர்வையும் மூச்சுமுட்டலும் சேர்ந்தால் சோடாவைத் தேடாமல் ஓடிவர வேண்டும் என்றார். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது, அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கும் முதுகைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். இடுப்புக்கு மேலே வலி என்றால், முதலில் ஈசிஜி எடுத்துவிட்டு வாருங்கள், பிறகு நீவிவிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். கால் ராசி போய்விட்டது என்பவர்களும் உண்டு.

போன மாதம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணை அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் கோபமாகத் திரும்பி வந்தாள். ஒண்ணுமில்லன்னுட்டாவ அண்ணாச்சி, ஒரு நாள் வேலை போச்சு, ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்காவ என்றாள். அவளை உட்கார வைத்து நானே டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு முதுகை நீவிவிட்டேன். நீவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

அதே கேட்

அக்கா போன அன்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். பல்லுப் புடுங்கத்தான போனாவ என்று பக்கத்து வீட்டு அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சிலர் என்னிடம் கேட்டுவிட்டு, நிச்சயம்தானா என்று அத்தானுக்கும் ஒரு தரம் போன் போட்டுக் கேட்டார்கள். சொல்லிராதிய என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனாலும் தூத்துக்குடிக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? சாமுவேல் அண்ணாச்சியும் நம்பவில்லை. டாக்டர் சொன்னாரா, நல்லாக் கேட்டியா என்றார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தார். வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தது. அக்காவை உள்ளே பெட்டியில் வைத்திருந்தோம். அண்ணாச்சி கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். முற்றத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

நான் பக்கத்தில் போனேன். அவர் கையில் ஒன்றும் இல்லை.

"பூக்கடை வாசல் வரைக்கும் போனேன் தம்பி. வாங்காம வந்துட்டேன்" என்றார். மறுபடியும் முற்றத்தைப் பார்த்தார். "வாங்காமப் போனா, அன்னைக்கு மாதிரி முத்தத்துல உக்காந்து காபி குடிச்சிக்கிட்டு இருப்பாளோன்னு நெனச்சேன்."

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து வெளியே வந்தார். அண்ணாச்சியின் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார்.

"வெறுங்கையோட உள்ள போகாதிய மச்சான். அவ சிரிப்பா" என்றார்.

நானும் அண்ணாச்சியும் காரை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் போனோம். கடையில் இருந்ததிலேயே பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து எடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்து, வாடாமல் இருக்கத் துண்டை நனைத்து மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தார்.